பஞ்சுத் தூசியும் தொழுவத் தூசியும்: ஆஸ்துமாவில் முதலில் விழித்துக்கொள்ளும் செல்கள்

திருவண்ணாமலை என்றதும் அருணாசலேஸ்வரரை நினைத்துவிட வேண்டாம். நான் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் திருவண்ணாமலை. குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள்; புரட்டாசிச் சனிக்கிழமைகளில் படி கொள்ளாத கூட்டம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இரண்டு விதமான தூசி உண்டு. ராஜபாளையம் பக்கம் நூற்பாலைகளின் பஞ்சுத் தூசி. அங்கே பக்கத்துச் சத்திரப்பட்டியில் புண்ணுக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணிகூட நெய்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பால், பால்கோவா, அந்தப் பாலைத் தருகிற மாடுகள். அதாவது சாணியும் வைக்கோலும் கலந்த தொழுவத் தூசி. இரண்டு ஊருக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

இங்கே மூச்சிளைப்பு என்று டாக்டரிடம் போய்விட்டு வந்தவரிடம், "என்னவாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். "அலர்ஜின்னு சொன்னாங்க" அல்லது "ஈஸ்னோபீலியா இருக்காம்." மெத்தையில் படுத்தால் தும்முகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இதே பதில்தான். மில்லில் கார்டிங் மிஷினுக்குப் பக்கத்தில் இருபது வருஷம் நின்றவருக்கும் இதே பதில்தான்.

இரண்டு பேருக்கும் இளைப்பது ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் நுரையீரலுக்குள் வேலை செய்கிற செல்கள் வேறு, கேட்கிற மருந்து வேறு, சட்டத்தில் அதற்கு இருக்கிற பெயரும் வேறு. அந்த வித்தியாசத்தைத்தான் இந்தக் குறிப்பில் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கப் போகிறேன்.

ஈஸ்னோபீலியா ஒரு நோயா?

தமிழ்நாட்டில் டீக்கடை வரைக்கும் பெயர் தெரிந்த வெள்ளை அணு ஒன்று உண்டென்றால் அது ஈசினோஃபில்தான். 1879-ல் ஜெர்மனியின் பால் எர்லிக் வைத்த பெயர் அது. ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை ஆசையாக உறிஞ்சிக்கொள்ளும் துகள்கள் அந்தச் செல்லுக்குள் நிறைந்திருக்கின்றன. ஆஸ்துமாவில் இன்னொரு முக்கியப் பாத்திரமான மாஸ்ட் செல்லுக்கு அதற்கு முந்தைய வருடம் பெயர் வைத்தவரும் அவரே.

நம் பக்கத்தில் இந்தப் பெயர் இவ்வளவு பரவியதற்குப் பின்னால் ஒரு தென்னிந்தியக் கதை இருக்கிறது. 1940-ல், அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளி அருகே இருந்த ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியத்தின் டாக்டர்கள் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் விநோதமான சில நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இருமல், இளைப்பு, எக்ஸ்ரேயில் நிழல் எல்லாம் இருக்கிறது, பார்த்தால் டி.பி. போலவே தெரிகிறது. ஆனால் டி.பி. இல்லை. ரத்தத்தில் ஈசினோஃபில் மட்டும் எக்கச்சக்கம். 1943-ல் வைங்கார்ட்டன் இதற்கு 'ட்ராப்பிகல் ஈசினோஃபிலியா' என்று பெயர் சூட்டினார். யானைக்கால் புழுவின் குஞ்சுகளுக்கு நுரையீரல் காட்டுகிற மிகையான எதிர்வினை இது என்பது பிறகுதான் தெளிவானது. யானைக்காலுக்குக் கொடுக்கிற அதே மாத்திரைக்கு இதுவும் கேட்டது. 1987-ல் சென்னைக் காசநோய் ஆய்வு மையத்தின் வி.கே. விஜயனும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் இந்த நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தைச் சோதித்து, ஈசினோஃபில்கள் ரத்தத்தில் மட்டுமல்ல, மூச்சறைகளிலேயே குவிந்து கிடப்பதைக் காட்டினார்கள்.

ஆக, ஈசினோஃபிலியா என்பது ஒரு எண்ணிக்கை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஐந்நூறுக்கு மேல் போனால் கூடுதல் என்பார்கள். யானைக்கால் புழு சம்பந்தப்பட்ட அந்த நோயில் மூவாயிரத்தைத் தாண்டும். குடல் புழு இருந்தாலும் ஏறும். ஒவ்வாமை இருந்தாலும் ஏறும். சில மருந்துகளாலும் ஏறும். காய்ச்சல் எப்படி ஒரு அறிகுறியோ அப்படித்தான் இதுவும். வயிற்றில் புழு இருக்கிற ஒருவருக்கு வேறு காரணத்தால் இளைப்பு வந்து, ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால், "உங்களுக்கு அலர்ஜி" என்று தீர்ப்பு எழுதிவிட முடியும். கவனமாக இருக்க வேண்டிய முதல் இடம் இது.

ஆன்டிபாடி வருவதற்கு முன்னால்

சரி, உண்மையிலேயே ஒவ்வாமை ஆஸ்துமா என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

பள்ளிப் பாடத்தில் சொல்கிற கதை ஐ.ஜி.இ. என்ற ஆன்டிபாடியில் தொடங்கும். 1966-ல் அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா தம்பதி அதைக் கண்டறிந்தார்கள். அடுத்த வருடம் ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிக்கும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மாஸ்ட் செல்கள் இந்த ஆன்டிபாடியை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தூசிப்பூச்சியின் புரதம் வந்து தொட்டவுடன் ஹிஸ்டமினையும் லியூக்கோட்ரையீன்களையும் கொட்டும். மூச்சுக்குழல் சில நிமிடங்களில் சுருங்கிவிடும்.

இது சரியான கதைதான். ஆனால் ஒரு கேள்வியை விட்டுவிடுகிறது. தூசிப்பூச்சி நம்மைக் கடிப்பதில்லை, நமக்குள் பெருகுவதும் இல்லை. தலையணையில் நம் தோல் செதில்களைத் தின்றுகொண்டு கிடக்கிற ஒரு ஜீவன். அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்யச் சொல்லி முதல் உத்தரவு போட்டது யார்?

இங்கேதான் பிறவியிலேயே கூட வருகிற எதிர்ப்பு உள்ளே வருகிறது. ஆன்டிபாடியும் அதைச் செய்யும் பி செல்லும் டி செல்லும் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி. ஆள் பெயர், அடையாளம், பழைய கேஸ் எல்லாம் ஃபைலில் இருக்கும். ஆனால் ஃபைல் தயாராக நாள் பிடிக்கும். பிறவி எதிர்ப்பு நம் ராஜபாளையம் நாய் மாதிரி. வந்தவன் பெயர் அதற்குத் தெரியாது. வாசனை சரியில்லை என்றால் குரைக்கும், அவ்வளவுதான். அந்தக் குரைப்பைக் கேட்டுத்தான் ஸ்டேஷனுக்கே போன் போகிறது.

மூச்சுக்குழலின் உட்புறத்தை மூடியிருக்கிற செல்களின் அடுக்குதான் முதல் காவல். தூசிப்பூச்சியின் கழிவுத் துகள்களில் டெர் பி 1 என்று ஒரு புரதம் இருக்கிறது. அது புரதத்தை வெட்டும் நொதி. செல்லுக்கும் செல்லுக்கும் இடையில் இருக்கிற ஒட்டை அது அறுத்துவிடும். அடிபட்ட செல்கள் மூன்று அபாயச் செய்திகளை அனுப்பும்: இன்டர்லூக்கின்-33, இன்டர்லூக்கின்-25, டி.எஸ்.எல்.பி. ஒவ்வாமை ஆஸ்துமாவின் உண்மையான தொடக்கப் புள்ளி இதுதான் என்று இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

அந்தச் செய்தியை இரண்டு பேர் கேட்கிறார்கள். ஒருவர் டென்ட்ரிட்டிக் செல். பூச்சிப் புரதத்தின் ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போய் டி செல்களிடம் காட்டுவார். பிறகு பி செல், ஐ.ஜி.இ., மாஸ்ட் செல் என்று அந்தப் பழைய கதை நாள் கணக்கில் நகரும். இன்னொருவர் ஐ.எல்.சி.2. இவர் ரொம்பப் புதியவர். 2010-ல்தான் ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா என மூன்று குழுக்கள் தனித்தனியாக இந்தச் செல்லைக் கண்டன. ஆளுக்கொரு பெயர் வைத்து, பிறகு எல்லோரும் ஒரே பெயருக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆன்டிபாடி இல்லை, பழைய நினைவு என்று ஃபைலும் இல்லை. இன்டர்லூக்கின்-33 வந்தால் போதும், சில மணி நேரத்திலேயே இன்டர்லூக்கின்-5, இன்டர்லூக்கின்-13 என்ற இரண்டையும் பெருமளவில் சுரக்கும். ஐந்தாம் எண் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஈசினோஃபில்களை வரவழைக்கும். பதின்மூன்றாம் எண் சளியைப் பெருக்கி, மூச்சுக்குழலைத் தொட்டால் சுருங்குகிற மாதிரி ஆக்கிவிடும்.

இதற்கு நல்ல ஆதாரம் பப்பாளியிலிருந்து வந்தது. பப்பாளிப் பாலில் இருக்கிற பப்பெயினும் டெர் பி 1 போலவே புரதத்தை வெட்டும் நொதி. டி செல்லும் பி செல்லும் இல்லாமல் பிறந்த எலிகளின் மூக்கில் அதை விட்டுப் பார்த்தார்கள். கனடாவின் வான்கூவர் ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட வேலை இது. ஐ.ஜி.இ. உருவாகவே வழியில்லாத அந்த எலிகளின் நுரையீரலிலும் ஈசினோஃபில் வந்து நிறைந்தது, சளியும் கூடியது. ஸ்டேஷனே இல்லாத ஊரிலும் நாய் குரைத்தே கலவரம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வந்து சேர்ந்த ஈசினோஃபில் சும்மா இருக்காது. புழுக்களைக் கொல்லத் தன் துகள்களில் வைத்திருக்கிற காரமான புரதங்களை நம் மூச்சுக்குழல் மேலேயே கொட்டும். ஆஸ்துமாக்காரர்களின் சளியில் ஊசி ஊசியாகப் படிகங்கள் தெரியும். சார்கோ-லெய்டன் படிகங்கள் என்று 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே டாக்டர்களுக்குத் தெரியும். வெடித்த ஈசினோஃபிலின் புரதம் உறைந்து உண்டாவது அது. அந்தப் படிகமே அழற்சியை மேலும் தூண்டுகிறது என்று 2019-ல் காட்டினார்கள்.

மருந்துகள் வந்த வரிசையையும் பாருங்கள். 2003-ல் ஐ.ஜி.இ.-யைப் பிடிக்கும் ஒமாலிசுமாப். 2015-ல் இன்டர்லூக்கின்-5-ஐப் பிடிக்கும் மெப்போலிசுமாப். 2021-ல் டி.எஸ்.எல்.பி.-யைப் பிடிக்கும் டெசெபெலுமாப். ஆறு கடலில் சேருமிடத்தில் தொடங்கி ஊற்றுக்கண் வரைக்கும் படிப்படியாக மேலேறிப் போயிருக்கிறார்கள். இவையெல்லாம் கடுமையான ஆஸ்துமாவுக்கான விலை உயர்ந்த ஊசிகள். பெரும்பாலானவர்களுக்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டே போதும். அது நன்றாக வேலை செய்வதற்கு ஒரு முக்கியக் காரணம், ஸ்டீராய்டுக்கு ஈசினோஃபில்கள் சுலபமாக மடங்கும் என்பதுதான். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மில் பக்கம் போவோம்.

திங்கட்கிழமை நோய்

பேல் பேலாக வருகிற பஞ்சைப் பிரித்து, அடித்து, தூசி தட்டுகிற இடம் புளோ ரூம். அதைச் சீவி நாராக்குகிற இடம் கார்டிங். நூற்பாலையில் அதிகத் தூசி இந்த இரண்டு இடத்திலும்தான். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளில் அதிக நோய் தெரிந்ததும் இங்கேதான். நோயின் பெயர் பிசினோசிஸ். 1877-ல் பிரான்சின் அட்ரியன் ப்ரூஸ்ட் என்ற டாக்டர் வைத்த பெயர். மெல்லிய துணியைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். அவருடைய மகன்தான் பெயர்பெற்ற நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்ட். மகனுக்கு ஒன்பது வயதிலிருந்து ஆஸ்துமா. இன்று நாம் குழப்பிக்கொள்கிற இரண்டு நோய்களும் ஒரே வீட்டில், ஒன்று அப்பாவின் புத்தகத்திலும் இன்னொன்று மகனின் நெஞ்சிலும் இருந்தன.

பிசினோசிஸுக்கு ஒரு விநோதக் குணம் உண்டு. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாள், ஷிப்டு தொடங்கிச் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும், இருமல் வரும், மூச்சு வாங்கும். அடுத்த நாள் குறையும். வாரக் கடைசியில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களில் ரிச்சர்ட் ஷில்லிங் இந்தத் திங்கட்கிழமைக் குணத்தை வைத்தே நோயைப் படிநிலைப்படுத்தினார். முதல் நாள் எப்போதாவது இறுக்கம். பிறகு ஒவ்வொரு வாரமும் முதல் நாள். பிறகு மற்ற நாட்களிலும். கடைசியில் லீவு நாளிலும் திரும்பாத மூச்சு.

ஒவ்வாமை என்றால் பொருள் எதிரே இருக்கிற வரை வாரம் போகப்போக மோசமாக வேண்டும். இது தலைகீழாகப் போகிறது. எப்படி?

விடை பஞ்சில் இல்லை, பஞ்சோடு வருகிற காய்ந்த இலை, பூவடிச் சருகு ஆகியவற்றில் வாழ்கிற பாக்டீரியாவில் இருக்கிறது. கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் என்டோடாக்சின் என்ற பொருள் உண்டு. பாக்டீரியா செத்த பிறகும் அது தூசியில் இருக்கும். 1961-லேயே பெர்னிஸ் என்ற இத்தாலிய ஆய்வாளரின் குழு இதுதான் காரணமாக இருக்கும் என்றது. 1987-ல் காஸ்டெலன் குழு அமெரிக்காவில் ஒரு மாதிரி கார்டிங் அறை அமைத்து, வெவ்வேறு பஞ்சுகளின் தூசியை ஆரோக்கியமான ஆட்களைச் சுவாசிக்க வைத்து ஊதச் சொன்னார்கள். காற்றில் எவ்வளவு தூசி என்பதோடு மூச்சுக் குறைவு சரியாகப் பொருந்தவில்லை. எவ்வளவு என்டோடாக்சின் என்பதோடு பொருந்தியது.

என்டோடாக்சினை முதலில் சந்திப்பது நுரையீரலைப் பெருக்கிச் சுத்தம் செய்கிற மேக்ரோஃபேஜ் செல். அதன் மேல் டி.எல்.ஆர்.4 என்று ஒரு பூட்டு. என்டோடாக்சின்தான் சாவி. பூட்டு திறந்தால் மேக்ரோஃபேஜ் வேறு மாதிரி குரைக்கும்; அந்தச் சத்தத்துக்கு வருவது ஈசினோஃபில் இல்லை, நியூட்ரோஃபில். சீழில் நாம் பார்க்கிற செல் அதுதான். இதற்கு ஐ.ஜி.இ. தேவையில்லை. அதனால் தோலில் குத்திப் பார்க்கிற அலர்ஜி டெஸ்ட் பிசினோசிஸைக் காட்டிக்கொடுக்காது.

திங்கட்கிழமைக்கும் இங்கேதான் விளக்கம். தினமும் அதே போஸ்ட்மேன் வந்தால் நாய் குரைப்பதை விட்டுவிடும்; நடுவில் சில நாள் வராமல் இருந்து வந்தால் மறுபடி குரைக்கும். மேக்ரோஃபேஜும் அப்படித்தான். தொடர்ந்து என்டோடாக்சின் பட்டால் சில நாள் மந்தமாகிவிடுகிறது; லீவில் அந்த மந்தம் தெளிந்துவிடுகிறது. மில்லில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் சில நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்து தானாகப் போய்விடுவதும் இந்தக் கணக்கில்தான். "பழகிப்போச்சு" என்கிறோம். பழகியது குரைப்பு மட்டும்தான். சேதம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கலாம். ஷாங்காயில் 1981-லிருந்து பஞ்சு மில் தொழிலாளர்களையும் பட்டு மில் தொழிலாளர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், பஞ்சுக்காரர்களின் மூச்சுத்திறன் வேகமாகக் குறைந்தது. வேலையை விட்ட பிறகு அந்த இழப்பு ஓரளவு சீரானது. சீக்கிரம் கண்டுபிடிப்பதில் பலன் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்ல வேண்டும்?

ஸ்டீராய்டு விஷயத்துக்குத் திரும்புவோம். ஈசினோஃபிலை மடக்குகிற மாதிரி நியூட்ரோஃபிலை ஸ்டீராய்டு மடக்குவதில்லை. மில்லில் தூசி அப்படியே இருக்க, இன்ஹேலரை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் இந்த நோய் அடங்காது. இதற்கு முதல் மருந்து, தூசியைக் குறைப்பது.

ஒரே பூட்டு, மூன்று முடிவு

இதுவரை சொன்னதைப் படித்தால் பூச்சி ஒரு வழி, பஞ்சு ஒரு வழி என்று தனித்தனியாகத் தோன்றும். ஆனால் அவை சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. தூசிப்பூச்சியில் டெர் பி 2 என்று இன்னொரு புரதம். டி.எல்.ஆர்.4 பூட்டுக்கு எம்.டி.-2 என்று ஒரு துணைப்புரதம் இருக்கிறது. டெர் பி 2 அதற்கு இரட்டைப் பிறவி மாதிரி. 2009-ல் இதைக் காட்டினார்கள். அதாவது, பூச்சி தன் கையில் கள்ளச்சாவி வைத்திருக்கிறது. அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வு, பூச்சி ஒவ்வாமை தொடங்குவதற்கு மூச்சுக்குழலின் மேலடுக்குச் செல்களில் இருக்கிற டி.எல்.ஆர்.4 தேவை என்றது. எலிகளில் நடந்த 2002-ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், கொஞ்சம் என்டோடாக்சின் சேர்த்துக் கொடுத்த புரதத்துக்கு ஒவ்வாமை வந்தது. அதிகம் சேர்த்துக் கொடுத்தபோது எதிர்ப்பு வேறு பாதையில் போனது.

பூட்டு ஒன்றுதான். எவ்வளவு, எந்தச் செல்லில், கூட என்ன, எந்த வயதில் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. மூன்றாவது முடிவுதான் ஆச்சரியமானது. அதற்குத் தொழுவத்துக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு கிறிஸ்தவ விவசாயச் சமூகங்கள். இரண்டுமே ஆல்ப்ஸ் மலைப் பக்கத்திலிருந்து போனவை. சாப்பாடு, பழக்கவழக்கம், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் ஏறத்தாழ ஒன்று. ஆமிஷ்காரர்கள் குதிரை பூட்டி உழுகிறவர்கள், வீட்டுக்கு அருகிலேயே தொழுவம், பிள்ளைகள் அதில்தான் விளையாடும். ஹட்டரைட்காரர்கள் பெரிய இயந்திரப் பண்ணை வைத்திருப்பவர்கள், வீடு தள்ளி இருக்கும். முன்பு எடுத்த கணக்குகளின்படி ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா 5.2 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3 சதவீதம். 2016-ல் ஒவ்வொரு பக்கமும் 30 பிள்ளைகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆமிஷ் வீட்டுத் தூசியில் என்டோடாக்சின் 6.8 மடங்கு. அந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈசினோஃபில் குறைவு, நியூட்ரோஃபில் அதிகம். ஆமிஷ் தூசியை எலியின் மூக்கில் விட்டால் ஒவ்வாமை ஆஸ்துமாவிலிருந்து தப்பியது. பிறவி எதிர்ப்பின் சமிக்ஞை வழிகள் அறுக்கப்பட்ட எலிக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. பாதுகாப்பைத் தந்ததும் அதே நாய்தான்.

எப்படி? 2015-ல் பெல்ஜியத்தின் கென்ட் ஆய்வாளர்கள் ஒரு துப்பு கொடுத்தார்கள். பூச்சியைச் சந்திப்பதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்ந்து என்டோடாக்சின் பட்ட எலிகளின் மூச்சுக்குழல் செல்களில் ஏ20 என்ற புரதம் வேலை செய்தது. அபாயச் செய்தியின் சத்தத்தை அது குறைத்துவிடும். பிறகு பூச்சி வந்தாலும் செல்கள் கூச்சல் போடவில்லை. டென்ட்ரிட்டிக் செல்லும் ஓடவில்லை. ஏ20-ஐ நீக்கிய எலிகளுக்கு இந்தப் பலன் இல்லை.

இதைப் படித்துவிட்டு இளைப்பு இருக்கிற பிள்ளையைத் தொழுவத்தில் உட்கார வைத்துவிட வேண்டாம். பாதுகாப்பு கிடைத்தது பிறந்ததிலிருந்து அந்தத் தூசியில் வளர்ந்தவர்களுக்கு. ஏற்கெனவே ஆஸ்துமா வந்தவருக்கு அதே என்டோடாக்சின் இளைப்பைக் கூட்டும். காய்ச்சாத பால் குடித்தால் நல்லது என்று கிளம்புவதும் தப்பு. அதில் புரூசெல்லாவும் மாட்டு டி.பி.-யும் வரலாம். நம் ஊர்த் தொழுவத்தை ஆமிஷ் தொழுவத்தோடு அப்படியே ஒப்பிடவும் முடியாது. இங்கே தொழுவத்தை ஒட்டியே விறகடுப்பு எரிகிறது. அந்தப் புகை வேறு கணக்கு.

கேட்க வேண்டிய கேள்வி

இந்த அறிவெல்லாம் நடைமுறையில் எதற்கு? மில்லில் வேலை பார்க்கிறவருக்கு இளைப்பு என்றால் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்பதற்கு. புத்தகத்தில் "திங்கட்கிழமை அதிகமா?" என்று இருக்கும். ஆனால் மில்லில் எல்லோருக்கும் ஞாயிறு லீவு இருக்க வேண்டியதில்லை. வியாழன் லீவு எடுக்கிறவரிடம் திங்கட்கிழமையைக் கேட்டால், "அப்படியெல்லாம் இல்லைங்க" என்றுதான் சொல்லுவார். "வார லீவு முடிஞ்சு போற மொத நாள் எப்படி இருக்கு? லீவு அன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும்.

பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு சின்னக் குழாய், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். வேலைக்குப் போகும் முன், ஷிப்டு முடிந்த பின் என்று லீவு நாளும் சேர்த்து ஒரு மூன்று நான்கு வாரம் ஊதி, எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் காட்டலாம். எந்த டிபார்ட்மெண்டில் எத்தனை வருஷம் என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். ஒரே ஆளுக்கு ஒவ்வாமை ஆஸ்துமாவும் பஞ்சுத் தூசி பாதிப்பும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் நடந்துகொண்டிருக்கிற இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதும் ஷிப்டு முடிந்து வெல்லம் தின்பதும் பழைய வழக்கம். வெல்லம் தொண்டைக்கு இதம். ஆனால் அது போகிற குழாய் வேறு, தூசி போகிற குழாய் வேறு. துண்டு பெரிய இழையைத் தடுக்கும், மூச்சறை வரை போகிற நுண்தூசியைத் தடுக்காது. தூசியை அது கிளம்புகிற மிஷினிலேயே உறிஞ்சி எடுப்பதுதான் வழி. அமெரிக்காவில் 1978-ல் நூற்புப் பிரிவுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம் என்று எல்லை வைத்தார்கள். மிஷின்களை மூடி, காற்றை உறிஞ்சி, அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

கடைசியாகப் பெயர். பிசினோசிஸ் நம் சட்டத்துக்குப் புதிய சொல் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை அதை அறிவிக்க வேண்டிய நோயாகப் பெயர் சொல்லிச் சேர்த்தது; பார்த்த டாக்டர் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயைத் தொழில்சார் நோய் என்று பட்டியலிட்டன. 'அலர்ஜி' என்று எழுதினால் அது அந்த ஆளின் உடம்பு வாகு. தானே மருந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். 'பிசினோசிஸ்' என்று எழுதினால் அது வேலையால் வந்தது. தூசி இல்லாத டிபார்ட்மெண்டுக்கு மாற்றம் கேட்கலாம், இழப்பீடு கேட்கலாம், மிஷினுக்கு உறிஞ்சி போடச் சொல்லலாம்.

நுரையீரலுக்குள் வந்தது ஈசினோஃபிலா நியூட்ரோஃபிலா என்பது ஏதோ ஆராய்ச்சிக்கூட விவகாரம் போலத் தெரியும். சீட்டில் எந்தச் சொல்லை எழுதுவது என்பது அதில்தான் போய் முடிகிறது.